பழைய இயங்குதளமும் தமிழ் எழுத்தும்: நியாலாஸ் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஓர் இயங்குதளத்திற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டுவிட்டன என்று அதனை உருவாக்கிய நிறுவனமே அறிவித்த பின்னரும், அதனை விடாது பயன்படுத்துவோர் எங்கும் உளர். விண்டோஸ் எக்ஸ்பி 2001ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் வெளிவந்தது. அதற்கான ஆதரவு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் முடிவுற்றது. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7, 2020 ஜனவரி 14இல் ஆதரவை இழந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும், குறித்த நாள் கடந்த பின்னரும் பழைய இயங்குதளம் உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் தொடர்ந்து இயங்கியதை நாம் அறிவோம்.

இவ்வழக்கத்தைச் சோம்பல் என்றும், அறியாமை என்றும், புதுமைக்கு அஞ்சும் இயல்பு என்றும் கூறிவிடுதல் எளிது. ஆயினும் இவ்விளக்கம் போதுமானதன்று. பழையதை வைத்திருப்போர்க்கு அவரவர் நிலையில் தக்க காரணங்கள் உள்ளன. அவற்றுள் சில எல்லா மொழியினர்க்கும் பொதுவானவை. ஒன்று மட்டும் தமிழ் போன்ற மொழிகளில் எழுதுவோர்க்கே உரியது. அக்காரணத்தை விளங்கிக்கொள்ளாமல் பழைய கணினிகளை அகற்றுவதும், விளங்கிக்கொண்டும் அவற்றை அப்படியே விட்டுவிடுவதும் ஒரே இழப்பில் சென்று முடியும் என்பதே இக்கட்டுரை எடுத்துரைக்க விழையும் கருத்தாகும்.

களமும் ஆவணங்களும்

நியாலாஸ், மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், கடற்கரையினின்று விலகிய உட்பகுதியில் அமைந்த சிற்றூராகும். ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் பயிரிடப்பட்ட தோட்டங்களைச் சார்ந்தே இவ்வட்டாரத்துத் தமிழர் வாழ்வு உருப்பெற்றது. இத்தகைய தோட்டப்புறங்களில் தமிழ் எழுத்து மூன்று நிறுவனங்களில் நிலைபெற்றிருந்தது: தமிழ்ப்பள்ளி, கோயில், மன்றம். பள்ளியின் ஆண்டு மலர், தேர்வுத்தாள், நாள் பாடத்திட்டம், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பு, கோயில் திருவிழா அழைப்பிதழ், குடமுழுக்கு மலர், நன்கொடையாளர் பட்டியல் ஆகியன அவ்வெழுத்தின் விளைவுகளாம்.

1990களின் இறுதிவரை இவை கையெழுத்தாலும் தட்டச்சாலும் அச்சகத்து ஈய எழுத்தாலும் உருவாயின. அதன் பின்னர்க் கணினிக்கு மாறின. தோட்ட நிலம் கைமாறுவதும், வேலை தேடி மக்கள் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்வதும் தீபகற்ப மலேசியா எங்கணும் நிகழ்ந்த மாற்றங்களாகும். ஒரு தோட்டக் குடியிருப்பு கலைந்த பின்னர், அங்கு வாழ்ந்தோரின் பெயர்களையும் நிகழ்வுகளையும் சொல்லக்கூடிய எழுத்துச் சான்று பெரும்பாலும் மேற்கூறிய சிறு ஆவணங்களே. அவை எந்தக் கணினியில், எந்த எழுத்துருவில் உள்ளன என்பது தொழில்நுட்ப வினா மட்டுமன்று. வட்டார வரலாற்று வினாவும் ஆகும்.

பொதுவான காரணங்கள்

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதில் இயங்கும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் அடித்தள மென்பொருளாகும். சொற்செயலி, எழுத்துரு, விசைப்பலகைச் செயலி, அச்சுப்பொறியின் இயக்கி ஆகிய அனைத்தும் அதன் மீதே நிற்கின்றன. அடித்தளத்தை மாற்றினால் மேலே உள்ளவற்றையும் மாற்ற வேண்டி நேரும். மேம்படுத்தலைத் தவிர்ப்போர் இதனைத் தம் பட்டறிவால் உணர்ந்தவர்களே.

முதற்காரணம் செலவு. இயங்குதளத்தின் விலையைக் காட்டிலும் அது கோரும் புதிய வன்பொருளின் விலையே பெரிது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லையும், ஏறத்தாழ 2017, 2018ஆம் ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த செயலகங்களையும் வேண்டுகின்றது. எனவே 2015இல் வாங்கிய கணினி நன்னிலையில் இயங்கினாலும், நிறுவனம் வகுத்த தகுதிப்படி புதிய தளத்தை ஏற்காது. இங்கு மாற்ற மறுப்பவர் பயனர் அல்லர். அவர் விரும்பினும் மாற்ற இயலாத நிலையில் உள்ளார்.

இரண்டாவது, சார்ந்த கருவிகள். பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய அச்சுப்பொறிக்கோ வருடிக்கோ புதிய தளத்திற்கான இயக்கியை அதன் நிறுவனம் வெளியிடாமல் விடலாம். மேலும், 16 பிட்டுச் செயலிகள் 64 பிட்டு விண்டோஸில் இயங்கா. விண்டோஸ் 11இன் அனைத்துப் பதிப்புகளும் 64 பிட்டு வகையினவே. ஆகவே விண்டோஸ் 3.1 காலத்துச் செயலி ஒன்றை நம்பியிருப்பவருக்குப் புதிய தளம் கதவை அடைத்துவிடுகின்றது.

மூன்றாவது, பழகிய கை. ஒரு முறை வேரூன்றிய ஏற்பாடு, அதனினும் சிறந்தது வந்த பின்னரும் நிலைத்துவிடுவதைப் பொருளியல் வரலாற்றறிஞர் பால் டேவிட் 1985இல் ஆங்கிலத் தட்டச்சு விசைப்பலகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். தட்டச்சு பயின்றோர், கருவி செய்வோர், பயிற்சி அளிப்போர் ஆகிய மூவரும் ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பதால் தனியொருவர் மட்டும் மாறுவது ஆதாயம் தருவதில்லை என்பது அவ்விளக்கத்தின் சாரம். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பயின்ற விரல்கள், 1999இல் செந்தரமான தமிழ் 99 விசைப்பலகைக்கு எளிதில் மாறாமையும் இதன்பாற்படும்.

இவ்வியல்பு எளியோர்க்கே உரியதன்று. பெயர்பெற்ற அமெரிக்கப் புனைகதையாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், டாஸ் தளத்தில் இயங்கும் வேர்ட்ஸ்டார் 4.0 செயலியில் தம் நாவல்களை எழுதுவதாக 2014இல் வெளிப்படையாகக் கூறினார். எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, பிரித்தானிய அரசு மேலும் ஓராண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களுக்காக 55 இலட்சம் பவுண்டு செலுத்த உடன்பட்டது. அமெரிக்க அணுவாயுதப் படையின் கட்டளை அமைப்பொன்றில் 8 அங்குல நெகிழ்வட்டுகள் 2019 வரை பயன்பட்டன. பெருநிதி படைத்த அரசுகளே தாமதிக்கும்போது, நன்கொடையால் இயங்கும் சிற்றூர் அமைப்புகளைக் குறைகூறுதல் முறையாகாது.

தமிழுக்கே உரிய காரணம்

மேற்கூறியவை ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கும் மலாயில் எழுதுவோர்க்கும் பொருந்தும். எனினும் அவர்கள் 1998இல் தட்டெழுதிய கடிதத்தை இன்றைய கணினியில் திறந்தால், வடிவமைப்பு சற்றே கலைந்திருக்கலாமேயன்றி எழுத்துகள் எழுத்துகளாகவே தோன்றும். தமிழில் எழுதியவர்க்கு இவ்வுறுதி இல்லை. இதன் காரணத்தை அறியத் தமிழ் எழுத்து கணினிக்குள் நுழைந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காணுதல் வேண்டும்.

முந்தைய குறியாக்கங்கள் 8 பிட்டு அளவின. அவற்றில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதற்பாதி ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி முதலியவற்றுக்கு உரியது. தமிழின் 247 எழுத்துகளும் கிரந்த எழுத்துகளும் எஞ்சிய பாதியில் அடங்கா. ஆகவே எழுத்துகளை வைப்பதற்கு மாறாக எழுத்தின் வடிவத் துண்டுகளை வைத்தனர். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் ஆகியன தனித்தனி இடம் பெற்றன. உகர, ஊகார உயிர்மெய்கள் தனி வடிவினவாதலின் அவற்றுக்கும் தனியிடம் தேவைப்பட்டது.

இத்துண்டுகளை எங்கெங்கு வைப்பது என்பதில் ஒருமை இல்லை. இலங்கைத் தமிழரிடையே பரவிய பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய முரசு மென்பொருளும், அதன் வழிவந்த முரசு அஞ்சலும் பரவலாயின. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கினார். மின்னஞ்சல்வழிக் கலந்துரையாடலில் 1990களின் பிற்பகுதியில் திஸ்கி என்னும் பொதுக் குறியாக்கம் உருப்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் இரு குறியாக்கங்கள் செந்தரமாயின. 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. இம்முயற்சிகளின் பயனாகத் தமிழ் கணினியில் நிலைபெற்றது. அதே வேளையில், வெவ்வேறு குறியாக்கங்களில் எழுதப்பட்ட கோப்புகளும் பெருகின.

இக்குறியாக்கங்கள் அனைத்திற்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. இவற்றில் தமிழைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு ஒன்றே. இயங்குதளம் அவ்வுரையைத் தமிழ் என அறியாது. அது தன்னிடம் உள்ளவற்றை ஆங்கில எழுத்துகள் எனவும் மேலை ஐரோப்பிய எழுத்துகள் எனவுமே கருதுகின்றது. எழுத்துரு நீங்கினால் தமிழும் நீங்கிப் பொருளற்ற குறிகள் எஞ்சும். திஸ்கியில் இகரத்திற்கு ஒதுக்கப்பட்ட இடம், மேலைச் செந்தரத்தில் கண்ணுக்குத் தோன்றாத சொற்பிரிப்புக் குறிக்கு உரியதாக இருந்தது. அதனாற் சில செயலிகளில் இகரம் மறைந்துபோக, பின்னர் அதற்கு வேறோர் இடமும் வழங்க நேர்ந்தது. இயங்குதளமும் எழுத்துருவும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கியதற்கு இது தக்க சான்றாகும்.

ஒருங்குறி கொணர்ந்த இரட்டை மாற்றம்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியனவே அதில் இடம்பெற்றன. அவற்றைச் சேர்த்து உயிர்மெய்யாக உருவாக்கிக் காட்டும் பணி இயங்குதளத்தின் பொறுப்பாயிற்று. விண்டோஸ் வரிசையில் இவ்வாற்றலை லதா என்னும் எழுத்துருவுடன் முதலிற் பெற்றது 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 ஆகும். விண்டோஸ் 98இல் ஒருங்குறித் தமிழைப் பெரும்பாலான செயலிகளில் தட்டெழுத இயலாது. எக்ஸ்பியிலும் அது முழுமையாகச் செயற்பட, மொழி அமைப்புப் பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவல் வட்டிலிருந்து தனியே சேர்த்தல் வேண்டும். வட்டு கைவசம் இல்லாத பள்ளியில் அது நிறைவேறாத செயலே.

இங்கு ஒரு முரண் தோன்றுவதைக் கருதுதல் வேண்டும். பழைய குறியாக்கத்தில் எழுதியவர்க்கு இயங்குதளம் பொருட்டன்று. எழுத்துருவும் விசைப்பலகைச் செயலியும் இருந்தாற் போதும். ஒருங்குறிக்கு வந்தவர்க்கோ இயங்குதளமே அடிப்படை. ஆதலின், ஆங்கிலத்தில் எழுதுவோர் இயங்குதளத்தை மாற்றும்போது ஒரு மாற்றத்தையே எதிர்கொள்கின்றனர். தமிழில் எழுதுவோர் இயங்குதளம், எழுத்தைச் சேமிக்கும் முறை ஆகிய இரண்டையும் ஒருங்கே மாற்ற வேண்டியவராகின்றனர். பழைய எழுத்துருவைப் புதிய தளத்தில் நிறுவுதல் பெரும்பாலும் இயலும். ஆனால் அவ்வெழுத்துருவிற்கு உரிய பழைய விசைப்பலகைச் செயலி இயங்காமற் போவதுண்டு. படிக்கலாம், தொடர்ந்து எழுத இயலாது என்னும் நிலை அப்போது ஏற்படுகின்றது. பத்தாண்டுத் தேர்வுத்தாள்களைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்தும் ஆசிரியர்க்கு இது சிறு இடையூறன்று.

அச்சகமும் ஆண்டு மலரும்

பள்ளி மலரும் கோயில் மலரும் நூல் வடிவம் பெறுவது அச்சகத்திலாம். அச்சகங்கள் பழைய தளத்தைக் கைவிடாமைக்குப் பேஜ்மேக்கர் செயலி ஒரு பெருங்காரணம். பேஜ்மேக்கர் 7.0 பதிப்பு 2001இல் வெளிவந்தது; அதுவே அதன் இறுதிப் பெரும்பதிப்பு. அது ஒருங்குறியை ஏற்காது. அதன் இடத்திற்கு வந்த இன்டிசைன் செயலியில் தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு 2012இல் வெளிவந்த சிஎஸ் 6 பதிப்பில்தான் கிட்டியது. இடைப்பட்ட ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள், ஒருங்குறியில் எழுதித் தந்த கட்டுரையையும் அச்சகத்தார் பழைய குறியாக்கத்திற்கு மாற்றியே பக்கம் அமைத்தனர். எழுத்தாளர் முன்னேறிச் செல்ல, அச்சு அவரைப் பின்னோக்கி இழுத்த காலம் அது எனலாம்.

இந்நிலையில் எக்ஸ்பி இயங்கும் ஒரு கணினியை அச்சகத்தார் வைத்திருப்பது தொழில்முறைத் தேவையாகும். பழைய வாடிக்கையாளர் சென்ற ஆண்டு அழைப்பிதழையே நாள் மாற்றித் தரக் கேட்பார். அக்கோப்பு திறக்கும் கணினி அது ஒன்றே. பழைய செயலிகளின்மீது பயனர்க்கு இருந்த சார்பை இயங்குதள நிறுவனமும் அறிந்திருந்தது. விண்டோஸ் 7இன் உயர் பதிப்புகளுக்கு எக்ஸ்பி பாங்கு என்னும் ஏற்பாட்டை 2009இல் கட்டணமின்றி வழங்கியமை இதனைக் காட்டும்.

பள்ளிக் கணினிகளின் நிலை

மலேசியக் கல்வியமைச்சு 1990களின் இறுதியில் விவேகப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் ஒளிபடக் கருவிகளும் வழங்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளிலும் பல ஆசிரியர் கையில் கணினி வந்து சேர்ந்த காலம் இதுவே. எக்ஸ்பியே அன்று பரவலாக வழங்கிய தளமாதலின், ஒரு தலைமுறை ஆசிரியர்களின் கணினிப் பழக்கம் அதனுடன் பிணைந்தது இயல்பே. அதே சூழலில் தமிழ்ப் பாடத்திற்கான பயிற்சிகளும் தேர்வுத்தாள்களும் அன்று கிடைத்த எழுத்துருக்களில் எழுதப்பட்டுக் குவிந்தன.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல, அரசின் பகுதி உதவி பெறும் பள்ளிகள். கட்டடம், கருவி முதலியவற்றுக்கு அவை பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் மேலாளர் வாரியத்தையும் நல்லுள்ளத்தாரையும் நாடும் நிலை இருந்து வந்துள்ளது. நன்கொடையாக வரும் கணினிகள் ஒரே வயதினவாக இரா. ஒரே அறையில் மூன்று தலைமுறை இயங்குதளங்கள் இருத்தல் கூடும். அவற்றுள் அனைத்திலும் திறக்கும் கோப்பு வகையையே ஆசிரியர் தெரிந்தெடுப்பார். அது பெரும்பாலும் மிகப் பழைய கணினிக்கு உகந்ததாகவே அமையும். இவ்வாறு மிகப் பழைய கருவியே அனைவரின் எழுத்து முறையையும் வரையறுத்துவிடுகின்றது.

தாமதத்தின் விலை

காரணங்கள் தக்கனவாயினும், தாமதம் விலையற்றதன்று. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்னும் பணயத் தீநிரல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கோரியது. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுப் பணியின் 236 அறக்கட்டளைகளுள் குறைந்தது 80 பாதிப்புற்றன. அதற்கான பாதுகாப்புத் திருத்தம் 2017 மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பாதிப்புற்ற கணினிகளுள் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி உடையன அல்ல; அன்று ஆதரவில் இருந்த, ஆனால் திருத்தம் நிறுவப்படாத விண்டோஸ் 7 உடையன. எனவே இயங்குதளத்தின் வயதோடு, அதனைப் பேணும் முறையும் ஆபத்தை முடிவு செய்கின்றது. இணைய இணைப்பில்லாத எக்ஸ்பி கணினியைக் காட்டிலும், இணைப்புடைய பேணப்படாத புதிய கணினி அதிக ஆபத்துக்கு உள்ளாகலாம்.

ஆயினும் நியாலாஸ் போன்ற வட்டாரங்களின் ஆவணங்களுக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் தீநிரலால் வருவதன்று. வன்தட்டு ஒரு நாள் சுழலாமல் நிற்கும். மழைக்காலத்து ஈரத்தாலும் இடியுடன் வரும் மின்னதிர்ச்சியாலும் கணினி பழுதாகும். குறுவட்டு படிக்க இயலாமற் போகும். பொறுப்பிலிருந்த ஆசிரியர் மாற்றலாகிச் செல்வார் அல்லது ஓய்வு பெறுவார். அவருக்குப் பின் வருபவர், எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை அறியார். திறந்து பார்த்துப் பொருளற்ற குறிகளைக் கண்டு, கெட்டுப்போன கோப்பு என எண்ணி அழித்துவிடுவார். ஓர் எழுத்துருவின் பெயர் தெரியாமையால் ஒரு பள்ளியின் இருபதாண்டு எழுத்து இவ்வாறு அழியக்கூடும்.

செய்யத்தக்கன

மேற்கண்ட விளக்கத்தினின்று ஒரு வழிமுறை பெறப்படுகின்றது. ஆவணங்களை முதலில் மாற்றுக. இயங்குதளத்தைப் பின்னர் மாற்றுக. நடைமுறையில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே நிகழ்கின்றது. புதிய கணினி வந்ததும் பழையது அகற்றப்படுகின்றது. கோப்புகள் விரலியில் ஏற்றப்பட்டுப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விடப்படுகின்றன.

முதற்கண், பழைய கணினி இயங்கும்போதே அதிலுள்ள கோப்புகளோடு எழுத்துருக்களையும் படியெடுத்து ஒரே உறையில் வைத்தல் வேண்டும். இன்ன கோப்பு, இன்ன எழுத்துரு, இன்ன ஆண்டு, எழுதியவர் யார் என்னும் குறிப்பொன்றைத் தாளிலும் எழுதி வைத்தல் நன்று.

அடுத்து, முக்கிய ஆவணங்களைப் பழைய கணினியிலிருந்தே பிடிஎஃப் வடிவில் எழுத்துரு உட்பொதியுமாறு சேமித்தல் வேண்டும். இது பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும். எனினும் உள்ளிருக்கும் உரை பழைய குறியாக்கத்திலேயே இருக்குமாதலின், அதில் தமிழ்ச் சொல்லைத் தேட இயலாது. தோற்றம் காத்தல் வேறு, எழுத்தைக் காத்தல் வேறு என்பதை மறத்தலாகாது.

மூன்றாவதாக, உரையை ஒருங்குறிக்கு மாற்றுதல். இதற்கெனச் சுரதாவின் பொங்குதமிழ், சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனத்தின் என்எச்எம் மாற்றி முதலிய கருவிகள் உருவாக்கப்பட்டன. மாற்றும்போது மூன்று இடங்களில் பிழை நேரும். பழைய முறையில் கொம்பு முதலிலும் மெய் பின்னரும் சேமிக்கப்பட்டன. ஒருங்குறியில் மெய் முதலிலும் குறி பின்னரும் வரும். சொல் நடுவே இடைவெளி விழுந்திருந்தால் கொம்பு வேறோர் எழுத்தோடு சென்று சேரும். இரண்டாவது, ரகரத்திற்குக் காலையும், ஔகாரத்தின் இறுதிக் குறிக்கு ளகரத்தையும் இட்டுத் தட்டெழுதிய பழக்கம். தாளில் வேறுபாடு தோன்றாது. மாற்றியபின் சொல் சிதைந்திருக்கும். மூன்றாவது மலேசிய ஆவணங்களுக்கு மிகவும் உரியது. பாமினி போன்ற எழுத்துருவில் அமைந்த உரையின் இடையே மலாய்ச் சொற்களும் ஆட்பெயர்களும் அரசுத் துறைப் பெயர்களும் உரோமன் எழுத்தில் இருக்கும். எழுத்துருவைக் கருதாது முழு உரையையும் மாற்றினால் அவையும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். ஆகவே மாற்றிய உரையை மூலத்தின் பிடிஎஃப் படியோடு ஒப்புநோக்கி மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. தமிழாசிரியரும் தமிழ் மாணவரும் இன்றி இப்பணி நிறைவேறாது.

இவற்றின் பின்னரே இயங்குதளத்தை மாற்றுதல் பொருந்தும். புதிய வன்பொருள் வாங்க இயலாதோர் லினக்ஸ் வகைத் தளங்களைக் கருதலாம். அவை குறைந்த ஆற்றலுடைய கணினியிலும் இயங்குவன, ஒருங்குறித் தமிழை ஏற்பன. விண்டோஸ் 10 பயன்படுத்தும் தனியாளர்க்கு 2026 அக்டோபர் வரையிலான நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அது காலத்தை ஒத்திப்போடுமேயன்றித் தீர்வாகாது. பழைய செயலியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டியோர், புதிய கணினிக்குள் பழைய தளத்தை மெய்நிகர்க் கணினியாக இயக்கலாம். அல்லது பழைய கணினியை இணையத்தினின்றும் துண்டித்து, அப்பணிக்கு மட்டும் ஒதுக்கலாம்.

பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகளுக்கும் ஆசிரியர் பயிற்சிக் கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. மாணவர் ஒருவர் தம் ஊர்ப் பள்ளியின் அல்லது கோயிலின் கோப்புகளை மாற்றி, மெய்ப்புப் பார்த்து, குறிப்புரையுடன் ஒப்படைத்தலை ஓர் ஆய்வுப் பயிற்சியாக ஏற்கலாம். மலாக்கா மாநிலத் தோட்டப்புறத் தமிழரின் எழுத்துச் சான்றுகள் இதன்வழி ஆய்வாளர் கைக்கு வந்து சேரும்.

முடிவுரை

பழைய இயங்குதளத்தைப் பேணுவோர் பலர் தம் எழுத்தைப் பேணவே அவ்வாறு செய்கின்றனர் என்பதை இக்கட்டுரையிற் கண்டோம். அவர்தம் எண்ணம் சரியானதே. வழியே நீடித்து உதவாதது. எழுத்தைக் காக்கும் கலை தமிழர்க்குப் புதியதன்று. பனையோலை நெடுங்காலம் நில்லாது என்பதை அறிந்த நம் முன்னோர், ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தனர். பழைய ஏட்டை அவர்கள் மதித்தனர். ஆயினும் அந்த ஓலையையே நம்பி இருக்கவில்லை. படியெடுப்போர் இல்லாத இடங்களிற்றான் நூல்கள் மறைந்தன. ஓலைக்குச் சில தலைமுறைகளுக்கு ஒரு முறை தேவைப்பட்ட இப்பணி, கணினிக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறை தேவைப்படுகின்றது. வேறுபாடு அவ்வளவே.

ஆகவே, தோட்டப்புறப் பள்ளியொன்றின் அலுவலகத்தில் பழைய கணினி ஒன்றைக் காணும்போது, அதனை எப்போது அகற்றுவீர்கள் என்று வினவுவதற்கு முன்னர், அதில் என்ன எழுதி வைத்திருக்கின்றீர்கள் என்று வினவுதல் தகும். அவ்வினாவிற்கு விடை சொல்லக்கூடியோர் இன்னும் பணியில் உள்ளபோதே அதனைக் கேட்டல் வேண்டும்.